சுட்டும் சுட்டிய பொருளும்

'அவ்வூர்', 'இவ்வீடு' என்னுமிடத்து அகரமும் இகரமும் சுட்டெழுத்துகள் என்பதை மாணவர் அறிவர். சுட்டு நிற்கவேண்டுமாயின் சுட்டப்படும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். பொருள் மறைந்தபின்னும் சுட்டு மட்டும் எஞ்சி நின்றால் யாது நிகழும்? பேச்சில் பெரிதாக ஒன்றும் நிகழாது. கேட்பவர் விழிப்பார், அவ்வளவே. கணினியிலோ இயந்திரமே நின்றுபோகக்கூடும்.

இயக்குதளத்தின் நடுவாய் அமைந்த பகுதியைக் கெர்னல் என்பர். நினைவகத்தைப் பங்கிட்டு அளிப்பதும், பணி முடிந்தபின் திரும்பப் பெற்று மற்றொன்றுக்கு வழங்குவதும் அதன் தலையாய கடன்களுள் ஒன்று. அளித்த இடத்தின் முகவரியைத் தாங்கி நிற்பதனையும் சுட்டு என்றே நாம் அழைக்கலாம். இடத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னரும் பழைய சுட்டைக் கைக்கொண்டு அங்கு எழுதுவது, பிறர் குடிபுகுந்த வீட்டின் சுவரில் எழுதுவது போன்றதாம். சாதாரண நிரல் ஒன்று இவ்வாறு தவறினால் பெரும்பாலும் அந்நிரல் மட்டும் கெடும். கெர்னலே தவறினால் அதனைத் தடுக்க மேலே எவரும் இலர்.

இதில் பெரிய இடர்ப்பாடு யாதெனில், பிழை செய்த இடமும் வீழ்ந்த இடமும் வேறு வேறாயிருத்தலே. கெர்னல் வீழும்போது இறுதி நேரத்து அழைப்புகளின் வரிசையைக் காட்டிவிட்டே வீழ்கிறது. புதியவர் அவ்வரிசையின் தலையில் நிற்கும் பகுதியையே குற்றவாளி எனக் கொள்வர். பல வேளைகளில் அது குற்றம் செய்தது அன்று, குற்றத்துக்கு ஆளானது. ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர்க்கு இது புதிதன்று. தளை தட்டுமிடத்தில் பிழை கண்ணில் படும். அது புகுந்ததோ பல படிகளுக்கு முன்னர் பெயர்த்தெழுதியவர் கையில்.

எனவே பிழையையும் வீழ்ச்சியையும் அருகருகே கொணர்வதே வல்லுநர் கையாளும் வழி. லினக்ஸ் கெர்னலில் இதற்கான சோதனை வசதியை இயக்கிவைத்தால், திரும்பப் பெற்ற இடம் பதினறும எண்ணாகிய 6பி என்பதால் நிரப்பப்படும். வீழ்ச்சி அறிக்கையில் 6பி6பி6பி எனத் தொடர்ந்து கண்டால், விடுவித்த இடத்தை எதுவோ படித்திருக்கிறது என ஐயுறலாம். 2015இல் வெளிவந்த 4.0 பதிப்பில் கேசன் என்னும் கருவி சேர்ந்தது. அது நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட்டு நிழல் வைத்து, தொடுமுன் நிழலைப் பார்க்கிறது. தவறாகத் தொட்ட இடம், முதலில் பெற்ற இடம், விடுவித்த இடம் ஆகிய மூன்றையும் ஒரே அறிக்கையில் தருவது அதன் சிறப்பு. நினைவகமும் வேகமும் குறைவதால் சோதனைக் கூடத்திலேயே அது பெரிதும் பயன்படுகிறது.

இவ்வலையில் சிக்காத பிழையும் உண்டு. 2016 அக்டோபரில் திருத்தப்பெற்ற 'டர்ட்டி கௌ' அத்தகையது. படிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பின் பக்கத்தில் ஒருவர் தமக்கென எழுத விழைந்தால், கெர்னல் அதற்குப் படியொன்று எடுத்துக் கொடுக்கும். படி எடுத்ததற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட நொடிக்கூற்றில் அப்படியை எறிந்துவிடச் சொன்னால், எழுத்து மூலத்தின்மேலேயே விழுந்தது! இதனால் சாதாரணப் பயனர் ஒருவர் முழு அதிகாரமும் பெற இயன்றது. ஒவ்வொரு செயலும் தனியே நோக்க முறையானதே, வரிசைதான் பிறழ்ந்தது. இயந்திரம் வீழவும் இல்லை. 2007ஆம் ஆண்டின் பதிப்பு முதல் இக்குறை இருந்துவந்தது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோராண்டுகட்கு முன் தாமே இதனைத் திருத்த முயன்று, அது செம்மையாய் அமையவில்லை என்பதைத் திருத்தக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். வேறுவகைக் கணினியொன்றில் சிக்கல் எழுந்தமையால் அம்முயற்சி பின்வாங்கப்பட்டிருந்தது. இவ்வளவு வெளிப்படையான ஒப்புதலை நம் ஆய்வேடுகளில் நாம் அரிதாகவே காண்கிறோம்.

பில் ஓஸ்டர் என்பார், சேவையகத்துக்கு வந்த வலைப் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தமையால், தாக்கியோர் ஏற்றிய நிரலை அதிலிருந்து மீட்டுப் பிழையை வெளிக்கொணர்ந்தார். திருத்தமோ சில வரிகளே. படி எடுத்தாயிற்று என்பதற்குத் தனிக்குறி ஒன்றை இட்டு, எழுதுமுன் அப்படி இன்னும் அங்கிருக்கிறதா என மறுமுறை பார்க்குமாறு செய்தனர்.