சட்டையில் ஒரு வணக்கம்



தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு வருவோம், இல்லையா? அதில் இருக்கும் எழுத்து எப்படி ஒட்டியது என்று யோசித்தீர்களா? சில சட்டைகளில் மையால் அச்சடிப்பார்கள். வேறு சிலவற்றில், வினைல் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் எழுத்தை வெட்டி, சூடு கொடுத்து ஒட்டுவார்கள். இரண்டாவது முறையை வீட்டிலேயே செய்யலாம். வாங்க, "வணக்கம்" என்ற சொல்லைச் சட்டையில் ஒட்டுவோம்!

முதலில் தாளைப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பாக இருக்கும். அது தாங்கு தாள். வினைலைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். மறுபக்கம் பசை இருக்கிறது. தொட்டுப் பாருங்கள், கையில் ஒட்டாது. சூடு பட்டால்தான் அந்தப் பசை இளகும்.

1. எழுதுங்கள்

கணினியில் "வணக்கம்" என்று தட்டச்சு செய்யுங்கள். சிறுவர் சட்டைக்கு 20 சென்டிமீட்டர் அகலம் போதும். தடிமனான எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். சில செயலிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சரியாக அடுக்கத் தெரியாது. புள்ளி பக்கத்தில் தள்ளி நிற்கும், கொம்பு இடம் மாறி நிற்கும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் அம்மாவிடமோ அப்பாவிடமோ வாசித்துக் காட்டுங்கள்.

2. திருப்புங்கள்

இப்போது சொல்லைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திருப்ப வேண்டும். "ஏன் திருப்பணும்? நேராவே வெட்டினா என்ன?" என்று கேட்பீர்கள். நாம் தாளைப் பசை இருக்கும் பக்கத்திலிருந்து வெட்டுகிறோம். ஒட்டும்போது அந்தப் பக்கம் சட்டையைப் பார்த்துத் திரும்பிவிடும். திருப்பி வெட்டினால்தான் சட்டையில் எழுத்து நேராக வரும்.

3. வெட்டுங்கள்

பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி, ஒட்டும் பாயின் மேல் தாளை விரியுங்கள். பாயை வெட்டும் இயந்திரத்துக்குள் செலுத்துங்கள். உள்ளே ஒரு சின்னக் கத்தி ஓடும். அது வினைலை மட்டும் வெட்ட வேண்டும், தாங்கு தாளை வெட்டக் கூடாது. முதலில் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் வெட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் முழுச் சொல்லையும் வெட்டலாம்.

4. களை எடுங்கள்

வயலில் வேண்டாத செடிகளைப் பிடுங்குவதைக் களை எடுத்தல் என்கிறோம். இந்த வேலைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்! எழுத்தைச் சுற்றி இருக்கும் வினைலை மெதுவாக உரியுங்கள். பிறகு கொக்கி ஊசியால் சுழிகளுக்குள் இருக்கும் சின்னத் துண்டுகளை எடுங்கள். "ண" மூன்று சுழி எழுத்து. அதற்குள் நன்றாகத் தேடுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். "க்", "ம்" ஆகியவற்றின் புள்ளிகளும் சின்னத் துண்டுகள்தான். எழுத்தோடு ஒட்டாமல் தனியாக இருப்பதால், சுற்றியுள்ள வினைலை உரிக்கும்போது கூடவே வந்துவிடும். வந்துவிட்டால் சட்டையில் "வணககம" என்று இருக்கும்! சுழிக்குள் இருப்பது போக வேண்டும், மேலே இருக்கும் புள்ளி தங்க வேண்டும்.

சின்னப் புள்ளிதானே என்று விட முடியாது. "பல்" என்றால் வாயில் இருப்பது. புள்ளி போனால் "பல", அதாவது நிறைய. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பனை ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. படிப்பவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். உங்கள் சட்டையைப் பார்ப்பவர் இப்போதுதான் தமிழ் படிக்கிறவராக இருக்கலாம். அவருக்குப் புள்ளி வேண்டும், இல்லையா?

5. ஒட்டுங்கள்

இந்த வேலையைப் பெரியவரோடு சேர்ந்து செய்யுங்கள். சூடு அவர் பொறுப்பு, எண்ணுவது உங்கள் பொறுப்பு.

முதலில் வெறும் சட்டையை 5 விநாடி அழுத்தி, ஈரத்தையும் சுருக்கத்தையும் போக்குங்கள். பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி எழுத்தை வையுங்கள். அதன் மேல் மெல்லிய பருத்தித் துணியை விரியுங்கள். பருத்திச் சட்டைக்குப் பல வினைல் தாள்கள் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 முதல் 15 விநாடியில் ஒட்டும். உங்கள் தாளின் உறையில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். பாலியெஸ்டர் துணி அதிகச் சூட்டைத் தாங்காது.

இஸ்திரிப் பெட்டி என்றால் நீராவியை நிறுத்திவிட வேண்டும். துணி தேய்ப்பது போல இழுக்கக் கூடாது. ஓரிடத்தில் அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் அழுத்த வேண்டும். இழுத்தால் எழுத்து நகர்ந்துவிடும்.

தாங்கு தாளைச் சூட்டோடு உரிப்பதா, ஆறிய பிறகு உரிப்பதா என்பதும் உறையில் இருக்கும். உரிக்கும்போது புள்ளியைப் பாருங்கள். அது தாளோடு எழும்பினால், தாளைத் திரும்ப மூடி இன்னொரு முறை அழுத்துங்கள்.

ஒட்டிய சட்டையை ஒரு நாள் கழித்தே துவைக்க வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்தால் எழுத்து நீண்ட நாள் இருக்கும்.

சொல் அறிவோம்

தாங்கு – பிடித்துக்கொள்
உறை – பொருளைச் சுற்றியிருக்கும் பை
இளகு – கெட்டியானது மென்மையாக ஆவது
சுழி – எழுத்தில் வளைந்து சுற்றும் பகுதி

பயிற்சி

1. களை எடுத்தவர் அவசரப்பட்டுவிட்டார். விட்டுப்போன புள்ளிகளை வைத்து எழுதுங்கள்: அககா, தமபி, பநது, படடம.
2. "தமிழ்ப் பள்ளி" என்று ஒட்டினால் எத்தனை புள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும்?
3. ப, ட, ண ஆகியவற்றைப் பெரிதாக எழுதிக் கண்ணாடி முன் பிடியுங்கள். எந்த எழுத்து அதிகம் மாறவில்லை?
4. உங்கள் சட்டையில் எந்தத் தமிழ்ச் சொல்லை ஒட்டுவீர்கள்? ஏன்? மூன்று வரிகள் எழுதுங்கள்.