சாரட்டிலிருந்து ஏருக்கு

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். அப்பெயர் தாங்கிய நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளையும். கன்னிப்பூ அறுவடையானதும் வயலை உழுது சேறாக்கிக் கும்பப்பூவுக்கு நாற்று நடவேண்டும். இடையே கிடைக்கும் நாட்களோ சில. பருவம் தவறினால் விளைச்சல் குன்றும். முன்னாளில் எருதுகளையே நம்பியிருந்த உழவருக்கு இந்நாளில் டிராக்டர் துணை நிற்கிறது. தமிழகத்தில் டிராக்டர் உருவான வரலாறு, சென்னையிலுள்ள பழைய வணிக நிலையம் ஒன்றோடு பிணைந்ததாகும். அதுவே அண்ணா சாலையிலுள்ள சிம்சன் நிலையம்.

சிம்சன் என்பவர் 1840ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அண்ணா சாலை அக்காலத்தில் மவுண்ட் ரோடு எனப்பட்டது. செல்வரும் அதிகாரிகளும் ஏறிச் செல்லும் சாரட்டு வண்டிகள் இங்கே உருவாயின. சாரட்டு ஒன்று உருவாகத் தச்சர், கொல்லர், தோல் தைப்போர், வண்ணம் பூசுவோர் ஆகிய பலரின் கைத்திறனும் ஒன்றுகூட வேண்டும்.

காலம் மாறிற்று. மோட்டார் வண்டி வந்தது. குதிரை வண்டியின் மதிப்புக் குறைந்தது. பழந்தொழிலையே பற்றியிருந்தால் அந்நிலையமும் மறைந்திருக்கும். ஆனால், 1903ஆம் ஆண்டிலேயே அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை அமைத்தார். சாரட்டுக்குக் கூடு கட்டிய கைகள், பின்னர் மோட்டார் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் கூடு கட்டின.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் 1905ஆம் ஆண்டில் பிறந்தவர் அனந்தராமகிருஷ்ணன். ஆங்கிலேயர் வசமிருந்த சிம்சன் நிறுவனத்திற்கு 1945ஆம் ஆண்டில் இவர் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் இவரே. விற்பதோடு நில்லாமல், பொறிகளை இந்நாட்டிலேயே ஆக்கவேண்டும் என்பது இவர் கொள்கை. 1950களில் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு டீசல் எஞ்சின்கள் செய்யும் பணி தொடங்கிற்று. 1960ஆம் ஆண்டில் மாசி பெர்குசன் நிறுவனத்தின் துணையோடு ‘டாபே’ என்னும் டிராக்டர் நிறுவனம் பிறந்தது. அதன் டிராக்டர்களுக்குச் சிம்சன் எஞ்சின்கள் உயிரளித்தன. அனந்தராமகிருஷ்ணன் 1964ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிய தொழில் வளர்ந்தோங்கிற்று.

செல்வர் உலாவச் சாரட்டுச் செய்த நிலையம், உழவர் வயலுக்கு எஞ்சின் செய்யும் நிலையமாயிற்று. செய்பொருள் மாறியது, செய்திறன் மாறவில்லை. கற்ற கைத்தொழிலைக் காலத்தின் தேவைக்கேற்பப் புதுக்கிக்கொள்வோர் வீழ்வதில்லை என்பதற்குச் சிம்சன் நிலையத்தின் வரலாறு சான்றாக விளங்குகிறது.