குழு பிரிந்த பிறகு: சீனன்குடாப் பாட்டுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

குழு பிரிகிற வாரத்தில் எல்லோரும் கோபத்தில்தான் இருப்பார்கள். இருந்தாலும் அந்த வாரத்திலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். குழுவின் சொந்தப் பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று எதிரே குறித்து, எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். ஆளுக்கொரு பிரதி. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவருக்கு ஆக்கிய அன்றே உரிமை வந்துவிடுகிறது. பதிய வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கவும் அதன்பின் 70 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். ஆனால் ஆக்கியவர் யார் என்று வழக்கு எழுந்தால், உங்கள் பக்கம் பேச அந்தத் தாள் வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குழுவைவிடப் பாட்டுக்கு ஆயுள் அதிகம். சிங்களப் பொப் கலைஞர் கிளாரன்ஸ் விஜேவர்தனவைப் பாருங்கள். 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழு, அதன்பின் சூப்பர் கோல்டன் சைம்ஸ் குழு. கூடப் பாடிய அனஸ்லி மாலேவன பிரிந்து சூப்பர் ஸ்டார்ஸ் தொடங்கினார். குழுக்களின் பெயர் மாறிக்கொண்டே போனது, கிளாரன்ஸுக்கு வேலை குறையவில்லை. வரியும் மெட்டும் அவர் கையில் இருந்தன. தானும் பாடினார், பிறருக்கும் இசையமைத்துக் கொடுத்தார். அவர் 1996இல் மறைந்தார். இன்றைக்கும் அவருடைய பாட்டு தெரியாத சிங்கள இசைக்குழுவைக் காண்பது அரிது.

பாட்டுக் கட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. தமிழ்ப் பட இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன் – ராமமூர்த்தி கதையை இளம் கலைஞர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) வரை இருவருக்கும் ஒரே பெயர், ஒரே புகழ். பிரிந்த பின் விஸ்வநாதனுக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வந்தன, ராமமூர்த்திக்கு ஏறக்குறைய 20 மட்டுமே. ராமமூர்த்தி இசையமைத்த ‘மறக்க முடியுமா?’ (1966) படப் பாடல்களைக் கேட்டவர்கள் அவருக்குத் திறமை குறைவென்று சொல்லவே மாட்டார்கள். என் கணிப்பு இது: ஆர்மோனியத்தோடு இயக்குநருக்கும் கவிஞருக்கும் எதிரே உட்கார்ந்து பேசிப் பழகியவர் விஸ்வநாதன். வயலின் மேதையான ராமமூர்த்தியின் அருமை வாத்தியக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் படமெடுப்பவர்களுக்குத் தெரியவில்லை. உங்கள் குழுவிலும் புக்கிங் பேசுவது ஒருவர், பின்னால் நின்று வாசிப்பது இன்னொருவர் என்றால், பின்னால் நிற்பவர் இன்றே முன்னால் வரட்டும். மண்டபக்காரர், ஹோட்டல் முகாமையாளர், கோயில் பரிபாலன சபையார் எல்லோருக்கும் உங்கள் முகமும் தொலைபேசி எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்க நீங்களும் கூடப் போங்கள்.

அடுத்தது சுருதி. இதைப் பலர் கவனிப்பதேயில்லை. குழுவில் ஒவ்வொரு பாட்டுக்கும் வைத்த சுருதி முன்னணிப் பாடகரின் குரலுக்காக வைத்தது. கோரஸ் பாடிக்கொண்டிருந்தவர் அதே சுருதியில் தனியே பாடினால் சரணத்திலேயே தொண்டை இறுகிவிடும். முழுப் பட்டியலையும் எடுத்து, பாட்டுப் பாட்டாக உங்கள் குரலுக்கு இறக்கிப் பாருங்கள். கீபோட்டும் அப்படித்தான். தாளங்களையும் ஒலிகளையும் சேமித்து வைத்த கீபோட்காரர் போகும்போது குழுவின் சத்தமே அவரோடு போய்விடும். பிரியும் முன் அந்தக் கோப்புகளுக்கு ஒரு பிரதி கேளுங்கள். அவர் தர மறுத்தால் கிற்றார் ஒன்றோடு தொடங்குங்கள், அது தரக்குறைவல்ல.

வருமானத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன். மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ வேலை இருந்தால் முதல் வருடம் அதை விடாதீர்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களின் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். கார்த்திகை மழையில் கடற்கரை வெறிச்சோடும், மார்கழியில் கலியாணமும் இல்லை. நத்தார் நிகழ்ச்சி ஓரிரண்டு கிடைத்தால் உண்டு. ஐந்து மாதக் காசைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள், எந்த இரவுக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

இடைப்பட்ட காலத்தில் பிறருக்கு வாசிப்பதை இறக்கமாக எண்ண வேண்டாம். அண்ணனோடு பாவலர் பிரதர்ஸ் குழுவில் ஊரூராகப் பாடிய இளையராஜா, சென்னை வந்த பின் பிறர் பாட்டுக்குக் கிற்றார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தார். இசையமைப்பாளராக அவருடைய முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல்தான். சொந்தப் பாட்டுக்கு நம் ஊரில் காது இல்லை என்றும் எண்ண வேண்டாம். பரமேஷ், கோணேஷ் சகோதரர்களின் பொப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் திருகோணமலையில் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய பெயரை மேடையில் போடலாமா? பிரதேச செயலகத்தில் அதை வியாபாரப் பெயராகப் பதிந்தவர் யார் என்று முதலில் பாருங்கள். அவர் சம்மதித்தால் ‘முன்னாள்’ என்று சேர்த்து ஒரு வருடம் போடலாம், அதற்குமேலும் போட்டால் உங்கள் சொந்தப் பெயர் வளராது.

பழைய ஆட்களோடு சண்டையை நீட்டாதீர்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 30 ஆண்டுகள் கழித்து ‘எங்கிருந்தோ வந்தான்’ (1995) படத்தில் மறுபடி சேர்ந்தார்கள். உங்களுக்கும் அப்படி ஓர் அழைப்பு வரலாம். வந்தால் ஆளுக்கு எவ்வளவு, யார் எத்தனை பாட்டு, வீடியோவை யார் யூடியூபில் போடுவது என்ற மூன்றையும் ஒத்திகைக்கு முன்பே பேசி முடித்துவிட்டு மேடை ஏறுங்கள்.