பெயர்த்து வைத்த தசையும் இரத்த உறைவும்

டில்லியிலுள்ள சப்தர்ஜங் மருத்துவமனையிலும், 1956ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும், தீப்புண், விபத்து, வாய்ப்புற்று ஆகியவற்றால் உறுப்புச் சிதைந்தோருக்குச் சீரமைப்பு அறுவை செய்யப்படுகிறது. உடலில் ஓரிடத்துத் தோலையும் தசையையும் எடுத்து வேறிடத்தில் பொருத்துவது அதன் முறைகளுள் ஒன்று.

நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை நம் நாட்டிற்குப் பழையது. அதில் தோலின் ஒரு முனை பழைய இடத்தோடு இணைந்தே இருக்கும். அவ்வழியே இரத்தம் பாயும். நுண்ணறுவையிலோ தசைத்துண்டு முழுவதும் பிரிக்கப்படுகிறது. அதன் தமனியும் சிரையும், புதிய இடத்துக் குழாய்களுடன் நுண்ணோக்கியின் துணையால் தைக்கப்படுகின்றன. இக்குழாய்களின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டரே. அவற்றில் இரத்தம் உறைந்தால் தசை மடியும். காயத்தில் உயிர் காக்கும் உறைவே இங்குக் கேடாகிறது.

உறைவிற்குக் காரணங்கள் மூன்று: ஓட்டத் தளர்ச்சி, குழாய்ச் சுவரின் சேதம், இரத்தத்தின் இயல்பு மாறுபாடு. முதலிரண்டையும் மருத்துவரின் கைத்திறன் குறைக்கலாம். மூன்றாவது நோயாளியின் இரத்தத்திலேயே உள்ளது. உறைவைக் கட்டுப்படுத்தும் புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவை சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. 1994ஆம் ஆண்டில் ஹாலந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட ஐந்தாம் காரணியின் மாறுபாடும் இவ்வகையைச் சேர்ந்தது.

ஹீமோபிலியா இதற்கு நேர்மாறானது. அந்நோயில் உறைவு போதாமையால், தசையின் அடியில் இரத்தம் தேங்கிச் சிரையை அழுத்தும். எனவே குறைந்த காரணியை முன்னரே ஈடு செய்தல் வேண்டும்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் முக்கியமானவை. தசை நீலம் பாய்ந்து வீங்கினால், உடனே திறந்து உறைவை அகற்றுவர். உறையும் இயல்பு மிகுந்தவர்களுக்கு அது மீண்டும் உறையக்கூடும். 1916ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஹெப்பாரின் உறைவைத் தடுக்கும். அளவு மிகுந்தால் இரத்தப்போக்கை உண்டாக்கும்.

வழக்கமான உறைவுச் சோதனைகள் உறையத் தாமதிக்கும் இரத்தத்தையே காட்டும். விரைந்து உறையும் இயல்பைப் பெரும்பாலும் காட்டா. ஆகவே கேள்விகளே முதற் சோதனையாகின்றன. காலில் இரத்தம் உறைந்ததுண்டா? கரு பன்முறை கலைந்ததுண்டா? பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்கேனும் இளவயதில் இத்தகைய உறைவு நேர்ந்ததா?

தாடை அறுவைக்கும் கருச்சிதைவிற்கும் தொடர்பென்ன என்று எண்ணி ஒரு பெண் அதனைக் கூறாது விடலாம். கூறினால், இரத்தநோய் வல்லுநரைக் கலந்து தக்க மருந்தை முன்னரே தொடங்கலாம். முனை அறாத பழைய முறையையும் தேர்ந்துகொள்ளலாம். நோயாளி மறைக்காது சொல்லும் குடும்ப வரலாறும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.