இரண்டாம் குழாயைத் தொடுமுன்

இரட்டைப் பரிமாண லிக்விட் குரோமட்டோகிராபி கருவியின் முன் முதல்முறையாக உட்காரும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். உதாரணத்துக்குக் கோகோ. தேயிலை, ஒயின், திராட்சை விதைக்கும் பெரும்பாலும் இதுவே.

1. தேவையா என்று முதலில் கேளுங்கள். காபியில் கஃபீன் எவ்வளவு என்பதே கேள்வியானால் சாதாரண ஹெச்.பி.எல்.சி. போதும். ஒரே ஒரு பீக்கில்தான் சந்தேகம் என்றால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி இரண்டாம் பிரிப்புக் குழாய்க்கு அனுப்புங்கள். ஹார்ட் கட்டிங் என்பது அதுதான். கோகோவின் புரோசயனிடின்கள் (கேட்டசின் அலகுகள் கோத்த சங்கிலிகள்) அத்தனையும் வேண்டும் என்றால்தான் முழு மாதிரியையும் துண்டு துண்டாக அனுப்பும் வேலை.

2. இன்னும் நீளமான குழாய் வாங்கினால் தீரும் என்பவரிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். 100 பீக்குக்கு இடமிருக்கும் ஓட்டத்தில் சேர்மங்கள் தாறுமாறாக வந்து விழுந்தால், ஒரே சேர்மம் மட்டுமுள்ள பீக் சுமார் 18-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 1983-ல் டேவிசும் கிடிங்ஸும் போட்ட கணக்கு இது.

3. இரண்டு குழாய்களும் வெவ்வேறு குணத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே சல்லடையில் மாவை இரண்டு முறை சலித்து என்ன பயன்? கோகோவுக்கு முதலில் ஹைலிக் குழாய். எத்தனை கேட்டசின் அலகுகள் கோத்திருக்கின்றன என்பதை வைத்து அது பிரிக்கும். அடுத்து சி18, ஒரே நீளச் சங்கிலிகளுக்குள் ஐசோமர்களைப் பிரிக்கும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் டி வில்லியர்ஸ் குழுவினர் இந்த ஜோடியைக் கோகோவில் நன்றாகவே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். (இந்தத் துறையின் மூத்த கட்டுரைகளில் ஒன்று, 1978-ல் எர்னியும் ஃபிரையும் எழுதியது, நிலவாகைச் சேர்மங்களைப் பற்றியது. நிலவாகை என்பது திருநெல்வேலிப் பெயரோடும் கப்பலேறும் சென்னா இலைதான்.)

4. முதல் குழாயிலிருந்து வரும் ஒவ்வொரு பீக்கையும் மூன்று நான்கு தடவையாவது வெட்டுங்கள். குறைத்தால் அங்கே பிரிந்தவை, துண்டைத் தேக்கி வால்வு வழியே இரண்டாம் குழாய்க்கு அனுப்பும் லூப்பில், மறுபடி கலந்துவிடும். பீக் 4 நிமிட அகலம் என்றால் நிமிடத்துக்கு ஒரு வெட்டு. இரண்டாம் ஓட்டம், குழாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது உட்பட, அந்த ஒரு நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். ஆகவே முதலாவது ஒடுங்கிய குழாய், மெதுவான ஓட்டம். இரண்டாவது குட்டைக் குழாய், நிமிடத்துக்கு 2, 3 மில்லிலிட்டர்.

5. பெரும்பாலோர் வழுக்கி விழுவது இங்கேதான். ஹைலிக்கிலிருந்து வரும் திரவத்தில் பெரும்பகுதி அசிட்டோநைட்ரைல். சி18-க்கு அது வலுவான கரைப்பான். 50 மைக்ரோலிட்டரை அப்படியே உள்ளே விட்டால் கேட்டசின்கள் பிடிமானமில்லாமல் கரைப்பானோடு ஓடிவிடும். மிச்சம் பீக் இரண்டாகப் பிளந்து நிற்கும். குழாய் கெட்டுவிட்டது என்று புதிதாக ஆர்டர் போடுவார்கள். குழாயில் கோளாறே இல்லை. வால்வுக்கு முன்னால் ஒரு டி-இணைப்பு வைத்து இன்னொரு பம்பால் தண்ணீர் கலந்து, லூப்பையும் அதற்கேற்பப் பெரிதாக்குங்கள். அல்லது துண்டை முதலில் ஒரு சிறு பிடிகுழாயில் நிறுத்துங்கள். இதைச் சரிசெய்யாமல் கிரேடியன்டைத் திருத்திக்கொண்டிருப்பது வீண்வேலை.

6. 50 மைக்ரோலிட்டர் துண்டுக்கு 50 மைக்ரோலிட்டர் லூப் போடாதீர்கள். லூப்பின் நடுவில், சுவரோரத்தைவிட, திரவம் வேகமாக ஓடும். ஒரு பங்கு மறுமுனையில் வெளியேறிவிடும். 80 வையுங்கள்.

7. இரண்டாம் ஓட்டத்தில் பீக்குகள் ஓரிரு வினாடி அகலமே இருக்கும். டிடெக்டர் வேகத்தை உயர்த்துங்கள். 280 நானோமீட்டரில் தியோபுரோமினும் கஃபீனும் மலைபோல் நிற்கும்; புளோரசன்ஸ் டிடெக்டர் இருந்தால் அதில் பாருங்கள், அவை தொந்தரவு செய்யாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகும் ஓட்டத்தைப் பிரித்துக் குறைத்தே அனுப்புங்கள்.

8. நிமிடத்துக்கு ஒரு திருப்பம் என்றால் முழுநாள் ஓட்டத்தில் வால்வு ஆயிரம் தடவைக்கு மேல் திரும்பும். சீல் தேயும். ஒன்று கைவசம் இருக்கட்டும்.

9. எடுத்த எடுப்பில் கோகோவை ஏற்றாதீர்கள். கேட்டசின், எபிகேட்டசின், புரோசயனிடின் பி2 மூன்றையும் கலந்து ஓட்டுங்கள். சில நாட்கள் தொடர்ந்து மூன்றும் அதே இடத்தில் வந்து விழுந்த பிறகு கோகோவை எடுங்கள்.