அதியமான் கொடையிற் குறை உண்டோ?

தகடூர் எனச் சங்கப் புலவர் பாடிய ஊர் இக்காலத்துத் தருமபுரி என வழங்குகின்றது. அவ்வூரிலிருந்து அரசாண்ட அதியமான் நெடுமான் அஞ்சி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். கிருட்டிணகிரி மாவட்டம் தருமபுரியினின்றும் பிரிந்தது 2004 ஆம் ஆண்டிலேயே ஆதலின், ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியினராகிய யாமும் அவனை எம் நாட்டு மன்னன் என்றே போற்றி வளர்ந்தோம். அவன் பெயரைக் கேட்ட அளவிலே நெல்லிக்கனியை நினையாதார் இலர். அத்தகையான் கொடையிற் குறையும் உண்டோ என வினவின், வினவுவாரைப் பலர் வெகுள்வர். ஆயினும் அவ்வினாவை முதற்கண் எழுப்பினார் யாம் அல்லேம். அவனைப் பாடிய புலவர்களே. 1894 ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்து உதவிய புறநானூற்றில் அவர்தம் குரலை இன்றும் கேட்கலாம்.

அந்நூலின் 91 ஆம் பாட்டு ஔவையார் பாடியது. பெருமலைப் பிளவிலே, ஏறுதற்கரிய உச்சியில் விளைந்த நெல்லிக்கனியைப் பெற்ற அஞ்சி, அது சாவினை நீக்கும் என்பதைத் தன் உள்ளத்தே அடக்கிக்கொண்டு ஔவையார்க்கு அளித்தான். ஈண்டு நாம் கருதவேண்டுவது கனியின் அருமை மட்டுமன்று. பயனை முன்னரே கூறியிருப்பின் அவ்வம்மையார் அதனை ஏலாது மறுத்திருத்தல் கூடும். அதனை உணர்ந்தே அவன் வாய் திறவானாயினன் எனலாம். கொடுக்குமுன் பெறுவாருடைய நெஞ்சினைக் கண்டான், கண்டபின்னரே கொடுத்தான். அக்கொடையின் உயிர் அக்காட்சியே என்பது எம் கருத்து.

இனி, அதே ஔவையார் பாடிய 206 ஆம் பாட்டினை நோக்குவோம். அஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்தான். அம்மையார் அரசனிடம் முறையிடவில்லை. வாயில் காப்போனை விளித்துப் பேசுகின்றார். உன் அரசன் தன்னைத்தான் அறியானோ, அன்றி என்னைத்தான் அறியானோ என்று கேட்கின்றார். அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வெறிதாகிவிடவில்லை. கைத்தொழில் வல்ல தச்சன் மக்கள் கோடரியோடு காடு புக்கால் அவர்க்கு வேண்டும் மரம் எங்கும் உண்டு. அதுபோல எமக்கும் எத்திசையிலும் உணவு உண்டு என்று கூறி, யாழினை உறையிலிட்டுக் கட்டுகின்றார். இவ்வெகுளி உணவு கிடையாமையால் எழுந்தது அன்று. வாயிலில் நிற்பார் இன்னார் என்பதை உள்ளே இருப்பான் மறந்தானே என்பதால் எழுந்தது.

ஔவையாரே 101 ஆம் பாட்டில், பன்னாள் பலரோடு சென்றாலும் முதல்நாள் போன்ற விருப்பமே உடையவன் அஞ்சி என்றும், அவன் தரும் பரிசில் யானை தன் கொம்புகளினிடையே வைத்துக்கொண்ட கவளம் போலத் தவறாது வந்து சேரும் என்றும் கூறுகின்றார். விருப்பம் குன்றாத முகத்தைக் கண்டபோது காலத்தாழ்வு அவர்க்குக் குற்றமாகத் தோன்றவில்லை. முகம் மறைந்தபோதோ, தாழ்த்த சிறுபொழுதும் பொறுக்கலாகாததாயிற்று.

இக்கருத்தினை ஐயத்திற்கிடமின்றி நிறுவுவது பெருஞ்சித்திரனார் பாடிய 208 ஆம் பாட்டு. மலையும் குன்றும் கடந்து வந்த இப்புலவர்க்கு, அவரை நேரிற் காணாமலே, இதனைக் கொண்டு செல்க எனப் பரிசில் கொடுத்து விடுத்தான் அஞ்சி. புலவர் அதனைக் கொள்ளவில்லை. முகங்காணாது தந்த பொருளைப் பெற்றுச் செல்ல யான் வாணிகம் செய்வான் அல்லேன் என்றும், தகுதியறிந்து விரும்பித் தருவராயின் தினையளவு பொருளும் இனிதாகும் என்றும் சொல்லிச் சென்றார்.

இது புலவரின் செருக்கு என்பாரும் உளர். அவர்கள் பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய பாட்டுக்களையும் படித்தல் வேண்டும். அவர் வீட்டிலே முதுமையால் தளர்ந்த தாய். பால் வற்றிய மனைவி. சோறில்லாப் பானையைத் திறந்து பார்த்து அழும் மகன். வயிறு நிறைந்தவன் பரிசிலை மறுத்தல் எளிது. இவரோ அழும் மகனை வீட்டில் வைத்துக்கொண்டு மறுத்தார். குமணன் அன்புடன் தந்த பெருஞ்செல்வத்தையோ, என்னைக் கேளாமலே எல்லார்க்கும் கொடு என்று 163 ஆம் பாட்டில் மனைவியிடம் ஒப்படைத்தார். இவர்பால் பொருளாசையும் இல்லை, பொருள்வெறுப்பும் இல்லை. கொடுப்பாரும் பெறுவாரும் ஒருவரையொருவர் காணவேண்டும் என்பதொன்றே இவர் கோட்பாடு.

போர்த்தொழில் மிக்க மன்னனுக்கு வந்தாரையெல்லாம் காணப் பொழுது ஏது எனின், அதுவும் பொருந்திய தடையே. அஞ்சியின் வேல்கள் ஓய்வின்றிப் போர் செய்து முனை முரிந்து, கொல்லன் உலைக்களத்திலே கிடந்தன என்பதைத் தொண்டைமான் அவையில் ஔவையாரே எடுத்துரைத்தார். ஆயினும் புலவர் வேண்டியது நெடும்பொழுதன்று. ஒரு நோக்கும் ஒரு சொல்லுமே.

முடிவில் அஞ்சி போர்க்களத்தில் வீழ்ந்தான். ஔவையாரின் கையறுநிலைப் பாட்டு 235 ஆவது. சாவினை நீக்கும் கனி தந்தவனை நினைந்து அழுகின்றவர், அக்கனியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிறிதளவே கள் கிடைப்பின் அதனை எமக்கே தந்தான். மிகுதியாகக் கிடைப்பின் யாம் பாடத் தானும் உடன் இருந்து உண்டான். நறுமணம் கமழும் தன் கையால் புலால் நாறும் எம் தலையைத் தடவினான் என்றே புலம்புகின்றார். நெல்லிக்கனி புலவர் நெஞ்சில் ஒருமுறை பாட்டாயிற்று. தலையைத் தடவிய கையோ இறுதிவரை நின்றது. அஞ்சியின் பெருமையும் குறையும் இவ்விடத்தே ஒருங்கு விளங்குகின்றன. அருகிருந்தார்க்கு அவன் கை குளிர்ந்தது. வாயிலில் நின்றார்க்கு ஒரோவழி எட்டவில்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. சென்ற கிறித்துமசுக்கு முன் விடுதி மாணவராகிய யாம், ஓசூரில் தொழிற்சாலைகளின் அருகே தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்க்கென்று ஆடைகள் திரட்டினோம். பேருந்துக்கு நேரமாயிற்று எனக் கருதி, அவர்கள் விடுதியின் வாயிற்காவலரிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு மீண்டோம். மறுமாதம் அவ்வழியே சென்றபோது மூட்டை அவிழ்க்கப்படாமலே அவர் அறையின் மூலையில் இருந்தது. "யாருக்கென்று நீங்கள் சொல்லவில்லையே தம்பி" என்றார் அவர். எமக்கு மறுமொழி இல்லை. அங்கு உறைவாருள் ஒருவர் பெயரும் யாம் அறியோம். நெல்லிக்கனி ஈந்தவனைப் பாடம் கேட்டிருந்தும், 208 ஆம் பாட்டின் குற்றத்தையே யாம் செய்தோம்.

தொழுநோயாளன் ஒருவன் தம்மை வேண்டிநின்றபோது, நம் ஆண்டவர் ஒரு சொல்லால் அவனைக் குணப்படுத்தியிருக்கலாம். அவரோ மனதுருகி, எவரும் தீண்டாத அவனைக் கை நீட்டித் தொட்டார் என்று மாற்கு எழுதிய சுவிசேஷம் முதலதிகாரம் கூறும். ஔவையார் தலையைத் தடவிய கையை நினைக்குந்தோறும் அக்காட்சி எம் கண்முன் வருகின்றது.

ஆதலின், அதியமான் கொடையிற் குறை உண்டு. அதனை மறைத்தல் அவனுக்குப் பெருமை ஆகாது. அக்குறையை அஞ்சாது எடுத்துரைத்த புலவரும், அவ்வுரையை அழியாது காத்த நூலும் நமக்கு வாய்த்தமை நற்பேறே. இவ்வாண்டும் ஆடைகள் திரட்டுவோம். இம்முறை வாயிலில் நில்லாது உள்ளே சென்று, முதலில் அவர்தம் பெயரைக் கேட்போமாக.