உப்பு மணலில் மெட்டல் டிடெக்டர்: தொடக்கநிலைக் கருவியை மதிப்பிடும் முறை

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. மழையில்லாத மாதங்களில் களப்புநீரின் உப்புச் செறிவு கடல்நீரையும் தாண்டிவிடும். உப்புநீர் மின்னைக் கடத்தும். அதனால் உலோகம் தேடும் கருவிக்கு இங்குள்ள ஈரமணலும் ஓர் உலோகம்போலவே படுகிறது. தோட்டமண்ணில் ஒழுங்காக வேலை செய்யும் மலிவான கருவி, ஆலங்குடாக் கரையில் அலை தொடும் இடத்துக்குப் போனதும் ஓயாமல் கத்தத் தொடங்குவது இதனால்தான். ஈர உப்பு மணலில் அமைதி காக்காத கருவிக்கு வேறு எந்தச் சிறப்பு இருந்தும் இந்தக் கரையில் பயனில்லை.

எதற்காக வாங்குவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். குளிக்கும்போது கழன்ற மோதிரம், தலவில புனித அன்னம்மாள் திருவிழா நெரிசலில் மணலில் விழுந்த சங்கிலி, வளவுக்குள் புதைந்த இரும்புக் குழாய், வாளுக்குக் கொடுக்குமுன் மரக்குற்றியில் பார்க்கவேண்டிய ஆணி ஆகியவை சட்டத்துக்குட்பட்ட தேவைகள். தொல்பொருள் தேடுவது அப்படியல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளைத் தேடி அகழ்வது குற்றம். சொந்தக் காணியானாலும் விலக்கில்லை. 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை அந்தச் சட்டத்தில் தொல்பொருட்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டையின் சுற்றுப்புறத்தில் கருவியோடு நடப்பதை எண்ணிப் பார்க்கவே கூடாது. வெளிநாட்டிலிருந்து கருவி தருவிப்பவர் பணம் அனுப்புமுன் சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் அனுமதி விபரம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கருவியின் வேலைமுறை எளிது. அடியிலுள்ள வட்டில் ஒரு கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தைத் தொடும்போது உலோகத்துக்குள் சிறு மின்னோட்டம் சுழன்று, தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் சைகையின் வலுவும் தாமதமும் பொருளின் தன்மையைச் சொல்கின்றன. திரையில் தெரியும் இலக்கு எண் அதன் சுருக்கம். இதில் தூரத்தின் கணக்கு கொடியது. சிறிய பொருளுக்கும் வட்டுக்கும் இடையிலான தூரம் இருமடங்கானால், திரும்பும் சைகை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகச் சுருங்கும். 'இருமடங்கு சக்தி, இருமடங்கு ஆழம்' என்ற விளம்பரத்தை நம்பக்கூடாததற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

தொடக்கநிலைக் கருவிகளில் அண்மையில் வந்த உண்மையான புதுமை மீடிறன் (காந்தப்புலம் ஒரு செக்கனில் மாறும் தடவைகள்) சம்பந்தப்பட்டது. கரட் நிறுவனத்தின் ஏஸ் 250 போன்ற பழைய மலிவுக் கருவிகள் ஒரே மீடிறனில் இயங்கின. தாழ்ந்த மீடிறன் தடித்த வெள்ளி, செம்பை ஆழத்தில் காணும். உயர்ந்தது மெல்லிய தங்கத்தைக் காணும், ஆனால் உப்பாலும் எளிதில் குழம்பும். பல மீடிறன்களை ஒரே நேரத்தில் அனுப்பினால், மீடிறன் மாறும்போது உப்பின் மறுமொழி ஒருவிதமாகவும் உலோகத்தின் மறுமொழி இன்னொருவிதமாகவும் மாறுவதைக் கருவி ஒப்பிட்டு, உப்பின் பங்கைக் கழித்துவிட முடியும். மைன்லேப் நிறுவனம் 1991இலேயே சொவரின் கருவியில் இதைச் செய்தது. ஆனால் விலை எட்டாத உயரம். அதே நிறுவனத்தின் வான்குவிஷ் 2019இலும், துருக்கியின் நொக்டா நிறுவனத்தின் ஸ்கோர் வரிசை 2024இலும் வந்தபோதுதான் இந்த நுட்பம் புதியவரின் கைக்கு எட்டியது.

விபரத்தாளில் ஒரு பொறி உண்டு. 'பல மீடிறன்' என்று எழுதியிருக்கும். உள்ளே பார்த்தால், பலவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து ஒற்றை மீடிறனில் இயக்கும் கருவியாக இருக்கும். மைன்லேபின் எக்ஸ்-டெர்ரா புரோ அந்த வகை. நல்ல கருவிதான்; உப்பைக் கழிக்கும் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. நொக்டாவின் சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹேர்ட்ஸில் மட்டும் இயங்குவது. ஒற்றை மீடிறன் கருவிகளின் 'கடற்கரை' அமைப்பு பெரும்பாலும் பலவீனமான சைகைகளைக் கேளாமல் விடுகிறது. மெல்லிய தங்கமும் அவற்றோடு சேர்ந்து போய்விடும்.

இனிச் சோதனை. வீட்டு மேசையில் பொருட்களை வட்டின் முன் அசைத்து எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: 22 கரட் மோதிரம், மெல்லிய சங்கிலி, வலையில் கட்டும் ஈயக்குண்டு, தூண்டில் முள், சோடா மூடி, சிகரெட் பெட்டித் தாள், பழைய செம்பு-நிக்கல் ஒரு ரூபாய். 2005க்குப் பின் வந்த நாணயங்கள் பெரும்பாலும் உருக்கில் ஆனவை. பல கருவிகளுக்கு அவை இரும்பாகவே தெரியும் என்பதால் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது. சங்கிலியின் எண் பலரை ஏமாற்றும். அரைப்பவுண் சங்கிலியானாலும் கருவி அதைத் தனித்தனி வளையங்களாகவே பார்ப்பதால், அதைவிடப் பாரம் குறைந்த மோதிரம் உரத்துக் கேட்கும். காற்றில் காட்டிய ஆழம் மணலில் கிடைக்காது. இந்தக் கட்டத்தின் பயன் எண்களைப் பழகுவது மட்டுமே.

பிறகு கரை. ஒவ்வொரு பொருளையும் தங்கூசியில் கட்டி, மறுமுனையை ஒரு குச்சியில் முடிந்தால் சோதனைப் பொருளே தொலைந்துபோகாது. மூன்று இடங்களில், 10 சென்ரிமீற்றரிலும் 20 சென்ரிமீற்றரிலும் புதைத்துப் பார்க்க வேண்டும்: காய்ந்த மணல், ஈரமணல், அலை வந்து திரும்பும் விளிம்பு. புதைக்குமுன் வெறும் மணலில் வட்டை மேலும் கீழும் ஆட்டி, மணலின் சொந்தச் சைகையைக் கருவி ஒதுக்கும்படி நிலச் சமநிலை செய்ய வேண்டும். தானாகச் சமன்செய்யும் கருவியானால் அந்த ஆட்டத்துக்கு அது கத்தாமல் இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

மூன்றில் விளிம்புக்கே அதிக மதிப்பெண். வெளிநாட்டுச் சோதனைக் காணொளிகளில் கடல் வற்றி, அகன்ற ஈரமணல் வெளி பல மணிநேரம் அசையாமல் கிடக்கும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. குளிப்பவரின் மோதிரம் விழுவதும் அலை புரளும் அந்த ஒடுங்கிய பட்டையில்தான். அங்கே ஒவ்வொரு அலைக்கும் உப்புநீரின் அளவு மாறும். கூருணர்வை எவ்வளவு குறைத்தபின் கருவி அடங்குகிறது, அடங்கியபின் 10 சென்ரிமீற்றர் ஆழ மோதிரம் இரு திசை வீச்சிலும் ஒரே ஒலியைத் தருகிறதா என்பதே தீர்ப்பு. பல மீடிறன் கருவியும் இங்கே மெல்லிய சங்கிலியைத் தவறவிடலாம். உப்புக்கும் அதற்கும் மறுமொழி அவ்வளவு நெருக்கம்.

மோதிரத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஒரு தூண்டில் முள்ளைப் புதைத்தால், ஒரு சைகையிலிருந்து அடுத்ததற்குக் கருவி மீளும் வேகம் தெரியும். மீளும் வேகம் குறைந்த கருவி இரும்பை மறுத்த கையோடு பக்கத்துத் தங்கத்தையும் விழுங்கும். சோடா மூடி உருக்கானாலும் நாணயம்போல் ஒலிக்கக்கூடியது; வட்டின் ஓரத்தால் தடவும்போது ஒலி உடைந்தால் அது மூடியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மின் இரைச்சல் தனிச் சோதனை கேட்கும். இதே குடாநாட்டின் நுரைச்சோலையில் 900 மெகாவாற் லக்விஜய அனல்மின் நிலையமும் அதிலிருந்து புறப்படும் உயரழுத்த மின்வடங்களும் இருப்பதால், வடங்களிலிருந்து தள்ளி ஓரிடத்திலும் அவற்றுக்கு அண்மையில் ஓரிடத்திலும் வட்டை உயர்த்தி அசையாமல் பிடித்துக் கேட்க வேண்டும். இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தியபின் எவ்வளவு அடங்குகிறது என்பதைக் குறிக்கலாம்.

உடலமைப்பில் முக்கியமானது நீர்காப்பின் எல்லை. வான்குவிஷின் வட்டு மட்டும் நீருக்குள் போகலாம். கட்டுப்பாட்டுப் பெட்டி நனையக்கூடாது. சிம்ப்ளெக்ஸ் பிளஸ் முழுவதுமாக 3 மீற்றர் ஆழம் தாங்கும். அலையில் இறங்குபவருக்கு இந்த வேறுபாடு பணத்துக்குச் சமம். எந்தக் கருவியானாலும் பாவித்தபின் நல்ல தண்ணீரில் கழுவி, மின்னேற்றும் துளையைத் துடைத்துக் காயவிடாவிட்டால் உப்பு அரித்துவிடும். உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா, பழுதானால் எங்கே அனுப்புவது என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும்.